விருச்சிகத்துக்குத் திங்கட்கிழமை ஓய்வு

விஸ்வநத்தம்,
22-11-2025, சனிக்கிழமை.

காரியாபட்டியில் உரக்கடை வைத்திருப்பவரும், என் மனைவி வேலுத்தாயின் உடன்பிறந்த தம்பியுமான மாப்பிள்ளை புகழேந்தி அவர்களுக்கு, அத்தான் செல்லச்சாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் உங்கள் அக்காள் சுகம். என் மகள், உங்கள் மருமகள் இசைவாணி சுகத்துக்கு மேல் சுகம். இடது முழங்கால் நீங்கலாக நானும் சுகம். அவ்விடம் நீங்களும், தங்கச்சி செல்வலட்சுமியும், பிள்ளைகளும், கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால், "சரிங்கத்தான், சரிங்கத்தான், கடைல ஆளு நிக்காக" என்று வைத்துவிடுவீர்கள். அடுத்த நிமிஷம் உங்கள் மருமகளைக் கூப்பிட்டு அவள் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் எனக்கே புத்தி சொல்ல வருவீர்கள். இந்த முறை அதற்கு வழி வைக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை நானே விருதுநகர் கொண்டுபோய்த் தபாலில் போடுவேன். நீங்கள் பிரிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இது உங்களிடம் யோசனை கேட்கும் கடிதம் அல்ல. ஆனாலும் நடந்தது முழுவதற்கும் முதல் காரணம் நீங்கள் என்பதால், உங்களுக்கு அறிவிக்கும் கடமை எனக்கு இருக்கிறது.

எப்படி நீங்கள் காரணம் என்று சொல்கிறேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இசைவாணி பிளஸ் டூ முடித்தபோது, நான் பி.காம் என்றேன். நீங்கள்தான் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு, "அத்தான், இனிமே காலம் தொடர்பியல் படிப்புதான், படிக்கும்போதே கையில காசு பாக்கலாம்" என்றீர்கள். தொடர்பியல் என்றால் என்ன என்று கேட்டேன். "நம்ம மனசுல உள்ளதை அடுத்தவுக மனசுல ஏத்துறது" என்றீர்கள். அதற்கு எதற்கு மூன்று வருஷம், உங்கள் அக்காள் மூன்று நிமிஷத்தில் ஏற்றுவாளே என்று நான் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அப்புறம் விருதுநகர் கல்லூரியில் சேர்த்துவிட்டோம். முதல் வருஷமே அவள் சம்பாதிக்க ஆரம்பித்தாள் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் தெருவில், "வாங்கம்மா வாங்க, ஆனைக்குட்டம் தோட்டத்து வாழைப்பழம்" என்று என் மகள் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருக்கிறாள். வாழைப்பழ ஆட்டோக்காரருக்குக் குரல் பதிந்து கொடுத்தாளாம். அதற்குப் பிறகு பட்டாசுக் கடை நோட்டீஸ், காதணி விழா பிளெக்ஸில் போடும் வாசகம், ஜவுளிக்கடைக்குப் போனில் ஓடும் படம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பரீட்சைக் கட்டணத்தை அவளே கட்டினாள். உழைப்பு நியாயமாக இருந்தவரை நான் குறுக்கே நிற்கவில்லை. நியாயமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நீங்கள் மறப்பவர். நான் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வருஷம்கூட முழுசாகப் போனவன் அல்ல. படிக்கக் கற்றது பட்டாசுப் பெட்டி லேபிளிலும் தினசரி காலண்டரிலும். முப்பத்தொரு வருஷம் பட்டாசு ஆலையில் இருந்தேன், அதில் பத்தொன்பது வருஷம் போர்மேன். மருந்துக் கலவை அறைக்குள் நானும் போயிருக்கிறேன், நாலு பேரை அனுப்பியும் இருக்கிறேன். ஆனால் காலையில் ஐந்தரை மணிக்குக் காலண்டரில் தேதி கிழித்து, விருச்சிக ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் வாசல் தாண்டியதில்லை. "பயம்" என்று போட்டிருந்தால் அன்றைக்குக் கலவை அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன், முதலாளியே வந்து நின்றாலும் மாட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் என் கையில் ஒரு தீப்புண் கிடையாது. சிவகாசிப் பக்கம் இதைச் சொல்லக்கூடிய போர்மேன் எத்தனை பேர்? அந்தக் காலண்டருக்கு நான் கொடுக்கிற மரியாதை சும்மா வந்தது அல்ல. நாளைய தாளை இன்று தூக்கிப் பார்ப்பதும் என் பழக்கம் அல்ல. அன்றைக்கு உரியதை அன்றைக்குத்தான் படிக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் இசைவாணி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறு மாதம் பயிற்சியாம், தங்க இடம் கொடுத்து உதவித்தொகையும் கொடுப்பார்களாம், அப்புறம் வேலையும் உண்டாம். "நூத்திப் பத்துப் பேரு எழுதுனோம்பா, மூணு பேரத்தான் எடுத்தாக. திங்கக்கிழம நாலு மணிக்குள்ள நீங்க காலேஜுக்கு வந்து எங்க துறைத்தலைவர் முன்னாடி கையெழுத்துப் போடணும். போடலைன்னா எடம் அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை வெளியில் காட்டும் அவசியம் இல்லை. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டவன் அல்ல என்பதால் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். படிவத்துக்கு அடியில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. கம்பெனிக்காரர்கள் இவளைத் தேர்ந்தெடுத்தது அதைப் பார்த்துத்தானாம், இரண்டரை வருஷமாக இவள் செய்த வேலைகள் எல்லாம் அதில் இருக்கிறதாம். "அது வேண்டாம்பா, படிவத்த மட்டும் பாருங்க" என்று கையை நீட்டினாள். வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் படிக்காமல் இருப்பேனா?

எட்டுப் பக்கம் வரை வாழைப்பழமும் ஜவுளியும். ஒன்பதாம் பக்கத்தில், "ஒரே ஒருவருக்கான விளம்பரம்" என்று தலைப்பு. கீழே வரிசையாக எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். இலக்கு: ஆண், வயது அறுபத்தாறு, ஓய்வுபெற்ற பட்டாசு ஆலைப் போர்மேன், பிடிவாதம் மிக அதிகம், மருத்துவர் உட்பட யார் சொல்லும் எடுபடாது. நோக்கம்: முழங்கால் தேய்மானம் உள்ள இவரைத் திங்கட்கிழமைகளில் வீட்டில் இருக்க வைப்பது. ஊடகம்: தினசரி காலண்டர், விருச்சிக ராசி. செய்தி: ஒரே ஒரு சொல். பலன்: நாற்பத்து மூன்று திங்கட்கிழமைகளில் நாற்பது முறை வெற்றி.

மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இது யாரைப் பற்றி என்று விளங்கவில்லை. பாவம் யாரோ ஒரு பெரியவர், வீட்டில் இருப்பவர்களே இப்படிச் செய்திருக்கிறார்களே என்று அந்த மனிதருக்காக வருத்தப்பட்டேன். பத்தாம் பக்கத்தைத் திருப்பினால் என் முதுகு. பனியனோடு காலண்டருக்கு முன்னால் நிற்கிறேன்.

"இது யாரு முதுகு?" என்று கேட்டேன்.

"உங்க முதுகுதாம்பா."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"முகம் தெரியலைல்லப்பா."

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஜமால் முகம்மது பாய் வருஷா வருஷம் எனக்கு ஒரு தினசரி காலண்டர் கொடுப்பாரே, அந்தக் காலண்டரில் இந்த வருஷம் பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதியது என் மகள். போன வருஷம் ஆனியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நம் ஊரில் ஆடி பிறந்தால் அடுத்த வருஷக் காலண்டர் அச்சேறிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். "நாலாயிரத்து முந்நூத்தி எம்பது சொல்லுப்பா" என்கிறாள், அதில் ஒரு பெருமை வேறு. "பன்னெண்டு ராசி, முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளு. அறுவது சொல்ல எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுச் சுத்தி விட்டேன், அதுவே எல்லா ராசிக்கும் பிரிச்சுக் குடுத்திருச்சு. விருச்சிகத்துக்கு, திங்கக்கிழமைக்கு மட்டும் நான் கையால போட்டேன்."

திங்கட்கிழமைக்கு என்ன சிறப்பு என்று உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் சாக்கடைத் தண்ணீர் ஓடும் வாறுகாலுக்கு மூடி போடச் சொல்லி ஆறு வருஷமாக நான் வாரம் தவறாமல் விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்து வந்தவன். திங்கட்கிழமைதான் மனு நாள். ஆனால் இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து திங்கட்கிழமை வந்தால் விருச்சிகத்துக்கு ஒரே மாதிரிதான். ஓய்வு. நிதானம். அமைதி. பொறுமை. மறுபடி ஓய்வு. கிரகம் சரியில்லை போலிருக்கிறது என்று நானும் வீட்டில் உட்கார்ந்தேன். நாற்பது திங்கட்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். வாறுகால் இன்னும் திறந்தே கிடக்கிறது. கிரகம் என்று நான் நினைத்தது உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

"பெத்த தகப்பன ஏமாத்தச் சொல்லித்தான் அந்தக் காலேஜுல பாடம் நடத்துறாகளா?" என்று கேட்டேன்.

"டாக்டர் வெயில்ல நிக்காதீகன்னு சொன்னாரு, கேட்டீகளா? அம்மா சொன்னாக, கேட்டீகளா? நான் அழுதேன், அப்பவாச்சும் கேட்டீகளா? அந்தத் தாளு சொன்னாத்தாம்ப்பா நீங்க கேப்பீக. நான் வேற எங்கன போயி எழுத?"

அடுப்படியிலிருந்து உங்கள் அக்காள், "நாப்பது வருசமா நான் தொண்டத் தண்ணி வத்தப் பேசுறேன், எனக்கு இந்த ரோசன தோணலையே" என்றாள். அவள் என் பக்கம் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, கேளுங்கள். வைகாசியில் உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் வரவில்லை. வயிறு சரியில்லை என்று வேலுத்தாயிடம் சொல்லியனுப்பினேன். அது பொய். என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு விடியுமுன்னே கிளம்பியதால் வீட்டில் தேதி கிழிக்கவில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கடையில் அதே காலண்டர் தொங்கியது. விருச்சிகத்துக்கு, "பகை". மாப்பிள்ளை வீட்டு நல்ல காரியத்தில் போய் நின்று என் வாயால் ஒரு பகை வந்துவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணத்தில், உங்கள் அக்காளை மட்டும் காரியாபட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் வராத கோபத்தில் நீங்கள் ஆவணி வரை என்னோடு பேசவில்லை. பகை என்று போட்டிருந்தது, பகையே வந்துவிட்டது, எவ்வளவு துல்லியம் என்று அந்தக் காலண்டரை நான் மெச்சிக்கொண்டேன். அந்தப் "பகை"யையும் இவளிடம் கேட்டேன். "அது ஞாயித்துக்கெழம, நான் போடலப்பா, கம்ப்யூட்டர் போட்டது" என்கிறாள். உங்களுக்கும் எனக்கும் மூன்று மாதம் பேச்சு இல்லாமல் போனதற்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர்கூட இல்லை. புரட்டாசியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன அன்று "இழப்பு" என்று போட்டிருந்ததால் திரும்பி வந்து, பதினொரு நாள் கன்னம் வீங்கிக் கஞ்சி குடித்தேனே, அதற்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான். பல்லைப் பிடுங்கினால் இழப்பில்லாமல் லாபமா வரும் என்று அப்போதே உங்கள் அக்காள் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நேரே பாயின் அச்சகத்துக்குப் போனேன். மிஷின் சத்தத்துக்கு மேல் அவர், "வாங்கண்ணாச்சி, உக்காருங்க, டீ சொல்லவா?" என்றார். டீ வேண்டாம், காலேஜில் படிக்கிற பிள்ளையை ராசிபலன் எழுத விட்டிருக்கிறீர்களே, எழுதிக் கொடுக்க ஜோசியர் இல்லையா என்று கேட்டேன்.

"இருந்தாரு அண்ணாச்சி, சாத்தூர்க்காரரு. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி அவருக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. அதுக்குப் பொறவு பழைய வருசத்துப் பலனையே தேதிய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருந்தோம். ஒருத்தரும் கேக்கல. போன வருசம் பாப்பா வந்து, 'பாய், அஞ்சு வருசமா ஒரே பலன் சுத்தி வருது, நான் புதுசா எழுதித் தாரேன்'னுச்சு. நம்மகிட்ட வந்து இதக் கண்டுபிடிச்சுச் சொன்ன மொத ஆளு அதுதான்."

"சாத்தூர்க்காரருக்கு முந்தி?"

"அது எங்க அத்தா அச்சகம் நடத்துன காலம். அப்ப முனியராஜ்னு ஒருத்தரு அச்சுக் கோத்தாரு. பலனையும் அவரே போட்டுக்கிருவாரு."

"அவருக்கு ஜோசியம் தெரியுமா?"

"அவருக்கு அச்செழுத்து தெரியும் அண்ணாச்சி. தாளுல மத்ததெல்லாம் கோத்து முடிச்ச பொறவு எந்த எழுத்துக் கட்ட மிச்சம் கெடக்கோ, அதுல வர்ற சொல்லப் போடுவாரு. 'ப' நெறையக் கெடந்தா பயம், பயணம், பரிசு, பகைன்னு போட்டு நெரப்பிருவாரு."

மாப்பிள்ளை, டீ வேண்டாம் என்று சொன்னதை மாற்றி டீ வாங்கிக் குடித்தேன். "பயம்" என்று போட்டிருந்ததால் நான் கலவை அறைக்குள் போகாமல் நின்றேனே, அந்த நாளெல்லாம் முனியராஜ் கையில் "ப" மிச்சமாகக் கிடந்த நாள். என் கை வேகாமல் காத்தது அவர்தான் என்றால், முப்பத்தொரு வருஷம் நான் எந்தச் சாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்தினேன்? இதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். பாய் என் இரண்டு கையையும் பார்த்தார். "ஆனா கை நல்லாத்தான இருக்குது அண்ணாச்சி" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இன்னொரு கவலை. இது என் ஒருவன் விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் விருச்சிக ராசிக்காரர்கள் எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள்? இந்தக் காலண்டர் மாட்டிய வீட்டில் இருக்கும் அத்தனை விருச்சிகமும் என் முழங்காலுக்காகத் திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது? கற்பனை அல்ல, எங்கள் எதிர்வீட்டில் சுந்தரபாண்டி இருக்கிறான், லாரி ஓட்டுபவன், விருச்சிகம். தை மாதத்திலிருந்து திங்கட்கிழமை லோடு ஏற்ற மாட்டேன் என்கிறான். கேட்டால், "ராசி ஓய்வுங்குது மாமா" என்கிறான். கம்பெனியில் திங்கட்கிழமை லோடுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவனிடம் போய், உனக்கு ஒன்றுமில்லையப்பா, தேய்ந்தது என் முழங்கால் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவன் முழங்கால் இரும்பு மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி அட்டையோடு வெளியே வைத்தேன். சாயங்காலம் உங்கள் அக்காள், அட்டையில் எழுதிவைத்த கேஸ் வாங்கிய தேதியை எங்கே பார்ப்பது என்று கேட்டாள். அவளுக்காக மறுபடி மாட்டினேன். ஆணி கொஞ்சம் ஆடியது. மாட்டும்போதுகூட நான் ராசிபலன் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை.

ஆகவே என் தீர்மானம் இது. ஒன்று, படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். தகப்பனின் முதுகைக் காட்டி வாங்கிய இடம் எங்களுக்கு வேண்டாம். வியாழக்கிழமையிலிருந்து இசைவாணி சரியாகச் சாப்பிடவில்லை, படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேசையிலேயே வைத்திருக்கிறாள், கேட்கவும் மாட்டேன் என்கிறாள். கேட்டால் நாலு வார்த்தை திட்டலாம். அவள் கேட்காமல் இருப்பதும் ஏதோ பாடத்தில் படித்ததாகத்தான் இருக்கும். அதற்கெல்லாம் நான் மசிய மாட்டேன். இரண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் புது மனு ஒன்று கொடுக்கப் போகிறேன். இனிமேல் தினசரி காலண்டரில் ராசிபலன் எழுதியவர் பெயரும் ஊரும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட வேண்டும், பெயர் தெரியாமல் இருப்பதால்தான் இந்த மாதிரி ஆட்கள் துணிகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒரு ஊசிவெடிப் பெட்டியில்கூட யார் செய்தது என்று போட்டிருக்கிறது, ஒரு மனிதனை நாற்பது வாரம் உட்கார வைக்கிற சொல்லுக்குப் பெயர் போட வேண்டாமா?

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பிள்ளை என்னை "இலக்கு" என்று எழுதியிருக்கிறது அல்லவா, அந்த இலக்கு இனி எப்படி நடக்கும் என்பதை உங்களைச் சாட்சி வைத்து இங்கே எழுதுகிறேன். திங்கட்கிழமைத் தாளில் விருச்சிகத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ, அதற்கு நேர் எதிராக நடப்பேன். ஓய்வு என்றால் அலைவேன். அமைதி என்றால் சத்தம் போடுவேன். பொறுமை என்றால் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் முன்னால் போய் நிற்பேன். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, விதிவிலக்கு கிடையாது. இது சத்தியம். ஆலைப் பதிவேட்டில் முப்பத்தொரு வருஷம் எழுதியிருக்கிறேன், ஒரு இடத்தில் அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதியது எழுதியதுதான்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். காரியாபட்டிப் புது வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் வருகிறேன், எந்தத் தாளையும் பார்க்காமல் வருகிறேன். தங்கச்சி செல்வலட்சுமியிடம், அன்றைக்கு எனக்காக எடுத்துவைத்த பாயசத்துக்கு நான் கடன்பட்டவன் என்று சொல்லுங்கள். கடையில் மூட்டை வந்த வேகத்தில் விற்கட்டும். பிள்ளைகள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பெரியவர்கள் சொல்லைக் கேட்டு, காலண்டர் சொல்லைக் கேளாமல், நூறு வயது வாழ என் ஆசி.

இப்படிக்கு,
எவர் எழுதிய சொல்லுக்கும் இனி கட்டுப்படாத,
உங்கள் அத்தான்,
சு. செல்லச்சாமி.

பின்குறிப்பு: விருதுநகர் தபால் ஆபீஸ், திங்கட்கிழமை, மாலை மூன்றரை மணி. இங்கே நூலில் கட்டிப்போட்ட பேனாவால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் நான் பொறுப்பல்ல. காலை ஐந்தரை மணிக்குத் தேதி கிழித்தேன். விருச்சிகத்துக்கு, "எதிர்ப்பு". வருஷம் முழுக்க ஓய்வு, அமைதி என்று போட்டவள் இந்த ஒரு திங்கட்கிழமைக்கு ஏன் இப்படிப் போட்டாள் என்று கேட்டேன். "எல்லாத் திங்கக்கிழமையும் கையால போட்டேம்ப்பா, இது ஒண்ணு எப்பிடியோ விட்டுப்போச்சு போல, கம்ப்யூட்டர் போட்டதுதான் கெடக்கு" என்றாள். போன வருஷம் ஆனியில் எழுதியது, போன வாரம் வந்த படிவத்தைப் பற்றி அதற்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் நான் மேலே சத்தியம் செய்து எழுதியிருக்கிறேன். எதிர்ப்பு என்றால் அதற்கு நேர் எதிராகத்தான் நடந்தாக வேண்டும், அடித்துத் திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை, கடிதத்தைத் திரும்ப எழுதவும் முழங்கால் இடம் தராது. ஆகவே இரண்டு மணிக்குக் கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரும் எழுதினேன். அங்கே பிள்ளைகள் யாரும் என் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளவில்லை, நான் திரும்பிக் குனிந்து எழுதிய பிறகுதான், "இசை, உங்க அப்பாவா?" என்று கேட்டார்கள். இசைவாணி அழுதாள். அது பாடத்தில் படித்தது மாதிரித் தெரியவில்லை.

மனுவையும் காலையிலேயே கொடுத்தாயிற்று. பெயர் போட வேண்டும் என்ற கோரிக்கையில் மாற்றமில்லை. காரணத்தை மட்டும் வேறொரு தாளில் புதிதாக எழுதினேன். நாலாயிரத்து முந்நூற்று எண்பது சொல் எழுதிய பிள்ளைக்கு, ஒரு தாளில்கூடப் பெயர் இல்லை என்றால் அது என்ன நியாயம்? பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்கு ஆட்டோவில் போனோம். ஏறியது என் சொந்த முடிவு.

மார்கழி கடைசியில் அவள் சென்னைக்குக் கிளம்புகிறாள். ரயிலடிக்கு நீங்களும் வந்துவிடுங்கள், பெட்டி கனமாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் உங்கள் அக்காள், "சனிக்கெழம காலைலயே இவுக காலண்டர்ல அடியில கெடந்த திங்கக்கெழமத் தாளத் தூக்கித் தூக்கிப் பாத்தாக, அதுக்குப் பொறவுதான் லெட்டர் எழுதவே உக்காந்தாக, அதையும் சேத்து எழுதச் சொல்லு" என்று இசைவாணியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நீங்கள் நம்ப வேண்டாம். ஆணி ஆடுகிறதா என்றுதான் பார்த்தேன்.